வீடு வாங்கும் முன் பத்திரம் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் வீடு, மனை, அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்கப் போகிறவர்கள் வழக்கறிஞரிடமும் ஆவண எழுத்தரிடமும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலானோர் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் இவற்றைக் கேட்கிறார்கள். பணம் கைமாறிய பின் ஒரு குறை தெரியவந்தால், அதைச் சரிசெய்து தரும்படி விற்பவரை நெருக்க வாங்குபவரிடம் பிடி எதுவும் இருக்காது. ஆகவே ஒரே வேண்டுகோள்: இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிவிட்டால் வீடு சட்டப்படி என்னுடையதுதானே?

விற்பவருக்கு அந்த வீட்டில் உரிமை இருந்தால் மட்டும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் தாமாகவே விளங்கும். 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின்படி, இன்னார் இன்னாருக்கு இந்தச் சொத்தை எழுதிக்கொடுத்தார் என்ற நடவடிக்கைதான் பதிவாகிறது. எழுதிக்கொடுத்தவர் உண்மையான உரிமையாளர் என்று அரசு உறுதி தருவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: விற்பவருக்கு உரிமை உண்டா இல்லையா என்று ஆராயும் அதிகாரத்தை அந்தச் சட்டம் சார்பதிவாளருக்குத் தரவில்லை.

தன்னிடம் இல்லாத உரிமையை யாரும் இன்னொருவருக்குத் தர முடியாது. சகோதரிக்கும் பங்குள்ள வீட்டைச் சகோதரன் தனியாக எழுதிக்கொடுத்தால், முத்திரைத்தாள், கைரேகை, புகைப்படம் எல்லாம் சரியாக இருந்தாலும் அவனுடைய பங்கு மட்டுமே உங்களிடம் வரும். இந்திய முறையில் உரிமையை ஆராயும் பொறுப்பு முழுவதும் வாங்குபவர் தலையில்தான் இருக்கிறது.

விற்பவரிடம் முதலில் என்னென்ன கேட்க வேண்டும்?

அவர் பெயரில் உள்ள பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், பட்டா, வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு அட்டை, கட்டட அனுமதியும் வரைபடமும். சொத்து வாரிசு முறையில் வந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். முதலில் நகல் போதும். ஆனால் உங்கள் வழக்கறிஞர் மூலப் பத்திரத்தை (அசலை) ஒருமுறையாவது கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். நகல் தரவே தயங்குபவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள். சொத்து தொடர்பாகத் தன்னிடம் உள்ள உரிமை ஆவணங்களை, வாங்குபவர் கேட்டால் காட்ட வேண்டியது விற்பவரின் கடமை என்று 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவே சொல்கிறது.

தாய்ப்பத்திரத்தில் எதைப் பார்ப்பது? எத்தனை ஆண்டுகள் பின்னால் போவது?

குறைந்தது 30 ஆண்டுகள். அந்தத் தொடக்கப் பத்திரத்தில் சொத்து எப்படி வந்தது என்பது தெளிவாக இல்லாவிட்டால் இன்னும் பின்னால் போக வேண்டும்.

பலர் பத்திரங்களில் யார் யார் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று மட்டும் பார்க்கிறார்கள். யார் கையெழுத்திட வேண்டியிருந்து இடவில்லை என்று பார்ப்பதில்தான் ஆய்வே இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு. 1968இல் ஒருவர் சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு மனை வாங்குகிறார். 1985இல் உயில் எழுதாமல் இறக்கிறார். 1991இல் அவருடைய இரண்டு மகன்களும் மனைவியும் சேர்ந்து அதை விற்கிறார்கள். வாங்கியவர் வீடு கட்டி, 2008இல் இன்னொருவருக்கு விற்கிறார். இப்போது அவர் உங்களுக்கு விற்கிறார். சொத்தின் மீது பதிவான ஆவணங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றிதழில் 1991, 2008 என இரண்டு கிரயங்களும் (விற்பனைகளும்) ஒழுங்காக இருக்கும். அடமானம் எதுவும் இருக்காது. பார்த்தால் குறை சொல்ல முடியாத சொத்து.

இறந்தவருக்கு ஒரு மகளும் இருந்தால்? 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் தனிச்சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. மகளுக்குத் திருமணமாகிவிட்டது, நகையும் சீரும் கொடுத்தாயிற்று என்பதெல்லாம் வீட்டுக்குள் பேசும் நியாயம். சட்டத்தில் அதற்கு இடமில்லை. இன்னொருவரை எல்லோருமே மறந்துவிடுகிறார்கள்: இறந்தவரின் தாய். மகன் இறந்தபோது அவர் உயிருடன் இருந்திருந்தால் அவருக்கும் ஒரு சம பங்கு உண்டு. அவர் காலமான பிறகு அந்தப் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போகும். ஆகவே 1985க்கான வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள ஒவ்வொரு பெயரையும் 1991 பத்திரத்தில் தேடுங்கள். ஒரு பெயர் விடுபட்டிருந்தால் அவரிடமிருந்தோ அவருடைய வாரிசுகளிடமிருந்தோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தரும்படி விற்பவரிடம் சொல்லுங்கள். அது வந்த பிறகு மேற்கொண்டு பேசலாம்.

பூர்வீகச் சொத்தானால் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்று திருமணமாகாதிருந்த மகள்களுக்குப் பிறப்பால் பங்கு வந்தது. 2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் மணமானவர், மணமாகாதவர் என்ற வேறுபாட்டை நீக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாக முடிந்த பாகப் பிரிவினைகளையும் விற்பனைகளையும் அது தொடாது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வாரிசுரிமைச் சட்டங்கள் வேறு. அவரவர் சட்டப்படிதான் பங்குதாரர்களைக் கணக்கிட வேண்டும்.

பத்திரச் சங்கிலியில் மைனர் யாராவது வருகிறார்களா என்றும் பாருங்கள். இந்து மைனரின் சொத்தைப் பாதுகாவலர் விற்க நீதிமன்ற அனுமதி தேவை. அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், அந்த மைனர் 18 வயது நிறைந்து மூன்று ஆண்டுகளுக்குள் அதை ரத்து செய்யக் கோரலாம்.

வில்லங்கச் சான்றிதழில் 'வில்லங்கம் எதுவும் இல்லை' என்று வந்திருக்கிறது. அது போதாதா?

போதாது. சில நேரங்களில் அதுவே கவலைப்பட வேண்டிய செய்தி. 30 ஆண்டுகளில் இரண்டு முறை கைமாறியதாக விற்பவர் சொல்லும் சொத்துக்கு ஒரு பதிவுகூட இல்லாத சான்றிதழ் வந்தால், தேடிய விவரம் தவறு என்று பொருள். வில்லங்கம் தேடுவது கிராமப் பெயர், சர்வே எண், உட்பிரிவு எண் ஆகியவற்றை வைத்துத்தான். 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல ஊர்களில் சர்வே எண்களும் உட்பிரிவுகளும் மாறின. பழைய பத்திரங்கள் பழைய எண்ணில் இருக்கும்; நீங்கள் புதிய எண்ணில் மட்டும் தேடினால் அவை கண்ணில் படாது. நகரப் பகுதியானால் நகர நில அளவை எண் என்று இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். எந்தெந்த எண்களில் சொத்து குறிப்பிடப்பட்டதோ அத்தனையிலும் தேடுங்கள். சார்பதிவாளர் அலுவலக எல்லை இடையில் பிரிக்கப்பட்டிருந்தால் பழைய அலுவலகத்தின் பதிவுகளையும் பார்க்க வேண்டும்.

பதிவுத் துறை இணையதளத்தில் கட்டணமின்றியே வில்லங்க விவரத்தைப் பார்க்கலாம். பொதுவாக 1975 முதலான பதிவுகள் கணினியில் கிடைக்கின்றன. அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் விண்ணப்பித்து, கையால் எழுதிய அட்டவணைகளில் தேடச் சொல்ல வேண்டும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் ஒவ்வொரு பதிவிலும் 'ஆவணத்தின் தன்மை' என்ற இடத்தைப் படியுங்கள். 'உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு' என்றிருந்தால், பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள். அதற்குக் கீழே எங்காவது அந்தக் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகியிருக்க வேண்டும். "கடனை எப்போதோ அடைத்துவிட்டோம்" என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் ரசீது பதிவாகாதவரை அந்த அடமானம் ஏட்டில் நிற்கிறது. 'முந்தைய ஆவண எண்' என்ற இடமும் பயனுள்ளது. அதைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு பத்திரமாகப் பின்னால் போகலாம்.

பதிவாகாதது எதுவும் அதில் தெரியாது. பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப் பிரிவினை, வாடகைக்கு இருப்பவர், வீட்டுவரி பாக்கி, நடந்துகொண்டிருக்கும் வழக்கு எதையும் அது சொல்லாது. வழக்கு விஷயத்தில் குறிப்பாகக் கவனம் தேவை. ஒரு சொத்தின் மீது வழக்கு நடக்கும்போது அதை வாங்கினால், தீர்ப்பு உங்களையும் கட்டுப்படுத்தும்; வழக்கு இருப்பது தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. விற்பவரின் பெயரையும் அவருக்கு விற்றவரின் பெயரையும் நீதிமன்ற இணையதளத்தில் மாவட்ட வாரியாகத் தேடிப் பாருங்கள்.

பட்டா அவர் பெயரில் இருக்கிறதே, பிறகு என்ன?

பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அரசு நிலவரி யாரிடம் வசூலிக்க வேண்டும் என்பதற்காக உருவானது அது. பட்டா மட்டும் உரிமையைத் தராது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறிவிட்டன. ஆனால் அது பொருந்தாவிட்டால் ஏதோ கோளாறு இருக்கிறது என்பதற்கு நல்ல அறிகுறி. பத்திரத்தில் 2,400 சதுர அடி, பட்டாவில் அதைவிடக் குறைவு என்றால் அளந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. புல வரைபடத்தையும் அ-பதிவேட்டின் நகலையும் வருவாய்த் துறை இணையதளத்தில் எடுத்து, நிலம் பட்டா நிலமா, நத்தமா (ஊர்க் குடியிருப்பு நிலம்), புறம்போக்கா என்று பாருங்கள். பிறகு ஒரு சர்வேயரை அழைத்துக்கொண்டு போய் நான்கு எல்லையையும் அளந்துவிடுங்கள். வீட்டு விலையோடு பார்த்தால் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

எந்த நிலத்தை வாங்கவே கூடாது?

கோயில் நிலம், வக்பு நிலம், பூதான இயக்கத்தில் தானமாக வந்த நிலம், அரசுப் புறம்போக்கு ஆகியவை முதல் வரிசை. சென்னையிலும் காவிரிக் கரை ஊர்களிலும் பல வீடுகள் கோயில் மனையில் நிற்கின்றன. அங்கே குடியிருப்பவர் கோயிலுக்கு மனை வாடகை கட்டுவார். வீட்டின் மேற்கட்டுமானம் மட்டுமே அவருடையது. பத்திரத்தில் 'மேற்கட்டுமானம் மட்டும்' என்ற சொற்கள் எங்காவது இருக்கின்றனவா என்று கூர்ந்து படியுங்கள். 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டப்படி, அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்பது செல்லாது.

பஞ்சமி நிலம் தனி விஷயம். ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று 1890களில் தொடங்கி அரசு ஒப்படைத்த நிலங்கள் அவை. வேறு சமூகத்தாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு தரப்பட்டவை. எத்தனை கை மாறியிருந்தாலும் அந்த நிபந்தனை நிலத்தை விட்டுப் போகாது. சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும். ஏமாற்றியோ நெருக்கியோ பிடுங்கப்பட்ட ஓர் ஏழைக் குடும்பத்தின் நிலத்தில் நாம் வீடு கட்டக் கூடாது என்பதே எனக்குப் போதுமான காரணம்.

அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பின்னர் 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவான மனைகளை மறுபடி பதிவு செய்ய முடிகிறது. ஆனால் பதிவு நடக்கும் என்பதாலேயே கட்டட அனுமதி கிடைத்துவிடாது. வரன்முறை ஆணையைக் கேட்டு வாங்குங்கள்.

மூலப் பத்திரம் தொலைந்துவிட்டது என்கிறார்கள்.

தொலைந்தும் இருக்கலாம், எங்காவது கடனுக்கு ஈடாகவும் இருக்கலாம். காவல் துறையில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, செய்தித்தாள் அறிவிப்பு, சார்பதிவாளர் தரும் சான்றிட்ட நகல் மூன்றும் வேண்டும். அறிவிப்பு வெளியான பிறகு சில வாரங்கள் பொறுத்திருங்கள்.

உரிமையாளர் வரமாட்டார், பவர் ஏஜென்ட்தான் கையெழுத்திடுவார் என்றால் வாங்கலாமா?

வாங்கலாம், பல நிபந்தனைகளோடு. உரிமையாளர் தன் சார்பில் செயல்பட ஏஜென்ட்டுக்கு எழுதிக்கொடுத்த பொது அதிகார ஆவணம் (பவர் பத்திரம்) பதிவானதா, அதில் விற்கவும் பணம் பெறவும் அதிகாரம் தரப்பட்டிருக்கிறதா, பின்னால் ரத்து செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அசையாச் சொத்து தொடர்பான அதிகார ஆவணங்களுக்கு 2012 டிசம்பர் முதல் பதிவு கட்டாயம். அதிகாரம் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும்; அதனால்தான் அவர் உயிருடன் இருக்கிறார் என்பதற்கு மருத்துவர் தரும் சான்றைப் பதிவின்போது கேட்கிறார்கள். சான்று இருந்தாலும் உரிமையாளரிடம் நேரிலோ காணொளியிலோ நீங்களே பேசிவிடுங்கள். விலை அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். பணத்தை அவருடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள்.

அதிகார ஆவணம் வெளிநாட்டில் எழுதப்பட்டதென்றால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியிருக்க வேண்டும்.

பவர் பத்திரத்தை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு, "இதுவே கிரயம் மாதிரிதான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி வாங்குவதால் உரிமை மாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது.

அட்வான்ஸ் கொடுத்துக் கிரய ஒப்பந்தம் போடுகிறோம். அதைப் பதிவு செய்ய வேண்டுமா?

தமிழ்நாட்டில் வேண்டும். 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்துக்கும் பதிவு கட்டாயம். செலவை நினைத்துப் பலர் பதிவு செய்யாமல் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். பதிவாகாத ஒப்பந்தத்தை வைத்தும் கிரயம் எழுதித்தரக் கோரி வழக்குப் போடலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் பதிவு செய்வதால் வரும் பெரிய நன்மை வேறு: அது வில்லங்கத்தில் ஏறிவிடும். அதே வீட்டை இன்னொருவருக்கு விற்க விற்பவர் முயன்றால், அந்த இன்னொருவர் தேடும்போது உங்கள் பெயர் தெரியும்.

ஒப்பந்தத்தில் விலை, அட்வான்ஸ், கெடு ஆகிய மூன்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். உரிமையில் குறை தெரியவந்தால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வரும், வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் என்ன, பழைய அடமானத்தை யார், எப்போது தீர்ப்பார், வாடகைக்காரரைக் காலி செய்து தருவது யார் பொறுப்பு என்பவையும் எழுதப்பட வேண்டும். விற்பவரின் மனைவி அல்லது கணவர், வயது வந்த பிள்ளைகள் சாட்சியாகக் கையெழுத்திட்டால் நல்லது. பின்னால் எனக்கு விஷயமே தெரியாது என்று அவர்கள் சொல்வது கடினமாகும். ஆனால் அவர்களுக்குப் பங்கு இருந்தால் சாட்சிக் கையெழுத்து போதாது. எழுதிக்கொடுப்பவராகவே சேர வேண்டும்.

இந்த ஒப்பந்தத்தால் மட்டும் வீட்டில் உங்களுக்கு உரிமை எதுவும் பிறந்துவிடாது. கெடு முடிந்தும் விற்பவர் கிரயம் எழுதித்தராவிட்டால், மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். இழுத்தடிப்பவரின் சமாதானப் பேச்சில் அந்த மூன்று ஆண்டுகள் ஓடிவிடக் கூடாது.

பதிவுக்கு எவ்வளவு செலவாகும்?

2023 ஏப்ரல் முதல் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, பத்திரத்தில் எழுதும் விலை இரண்டில் எது கூடுதலோ அதன் மீது கணக்கிடுவார்கள். 60 லட்ச ரூபாய் தனி வீட்டுக்கு 4,20,000 ரூபாயும் 1,20,000 ரூபாயும் சேர்த்து 5,40,000 ரூபாய். கட்டுநரிடம் முதல் விற்பனையாக வாங்கும் புதிய அடுக்குமாடி வீட்டுக்கு 2023 டிசம்பர் முதல் சலுகை உண்டு: 50 லட்சம் வரை தீர்வை 4 சதவீதம், 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம்; பதிவுக் கட்டணம் அதே 2 சதவீதம். 10 லட்ச ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. விகிதங்கள் மாறக்கூடியவை, பதிவுக்கு முந்தைய வாரம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விலையைக் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகக் கேட்கிறார். என்ன செய்வது?

மறுத்துவிடுங்கள். ஊரெல்லாம் அப்படித்தான் செய்கிறது என்பார்கள். நாளை உரிமையில் சிக்கல் வந்து விற்பவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்டால், பத்திரத்தில் எழுதிய தொகையை மட்டுமே நீதிமன்றத்தில் காட்ட முடியும். வங்கிக் கடனும் எழுதிய விலையை வைத்தே கிடைக்கும். நீங்கள் பின்னாளில் அந்த வீட்டை விற்கும்போது, ரொக்கமாகக் கொடுத்த பணமும் லாபமாகக் கணக்கிடப்பட்டு அதற்கும் நீங்களே வரி கட்டுவீர்கள். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. பெற்ற தொகைக்கு இணையான அபராதம் விதிக்க முடியும். இதை விற்பவரிடம் எடுத்துச் சொன்னாலே பலர் இறங்கி வருவார்கள்.

விலையில் வரி பிடிக்க வேண்டும் என்கிறார்களே?

விலை 50 லட்ச ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதத்தைப் பிடித்து, வருமான வரித் துறை இணையதளத்தில் செலுத்த வேண்டியது வாங்குபவர் பொறுப்பு. 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு 60,000 ரூபாய். பிடித்த மாதம் முடிந்து 30 நாட்களுக்குள் கட்டி, சான்றை விற்பவருக்குத் தர வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கு பொருந்தாது. பிடிக்க வேண்டிய வரி பல மடங்கு அதிகம். அப்போது ஆடிட்டரைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பிடிக்கத் தவறிய வரியை உங்களிடமே கேட்பார்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்புக்குத் தனியாக என்ன பார்க்க வேண்டும்?

பிரிபடாத பங்கை, அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்கள் வீட்டுக்கு உரிய பங்கைப் பாருங்கள். கட்டடம் வயதாகித் தேயும். நிலம்தான் மதிப்பைக் காக்கும். இரண்டு கிரவுண்டு மனை, அதாவது 4,800 சதுர அடியில் எட்டு வீடுகள் என்றால், எட்டுப் பங்குகளையும் கூட்டினால் 4,800 வர வேண்டும். அதைத் தாண்டினால் இல்லாத நிலத்தை விற்றிருக்கிறார்கள். கூட்டுத்தொகை குறைந்தால் கட்டுநர் தனக்கென்று பங்கை நிறுத்தி வைத்திருக்கிறார்; பின்னாளில் மாடியில் இன்னொரு வீடு எழும்பலாம். மற்ற வீடுகளின் பங்குகள் வில்லங்கச் சான்றிதழில் தெரியும். கூட்டிப் பார்க்க அரை மணி நேரம் போதும்.

அனுமதிக்கப்பட்ட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். வரைபடத்தில் மூன்று மாடி, நிற்பது நான்கு மாடி என்றால் நான்காவது மாடி வீட்டுக்கு எந்த விலையும் மலிவல்ல.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டும் புதிய திட்டங்கள், 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டட மனை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அத்தகைய திட்டத்தில், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வீட்டை ஒப்படைத்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டுநர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும்.

வங்கி வழக்கறிஞர் பார்த்துவிட்டார். தனியாக ஒருவர் தேவையா?

தேவை. வங்கி தன் கடனுக்கு ஈடு போதுமா என்று பார்க்கிறது. கடன் உங்கள் சம்பளத்திலிருந்தும் வசூலாகும் என்பது அதற்குத் தெரியும். வங்கியின் சட்டக் கருத்துரை நகலைக் கேட்டு வாங்கி உங்கள் வழக்கறிஞரிடம் கொடுங்கள். விற்பவரோ தரகரோ பரிந்துரைக்கும் வழக்கறிஞர் வேண்டாம்.

கிரயப் பத்திரத்தில் கடைசியாக எதைச் சரிபார்ப்பது?

சொத்து விவரத்தை. மற்றப் பக்கங்களில் உள்ள வாசகங்கள் ஏறக்குறைய எல்லாப் பத்திரத்திலும் ஒன்றுதான். கடைசிப் பக்கத்தில் வரும் சொத்து விவரம் மட்டுமே உங்கள் வீட்டைப் பற்றியது. மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லை, நான்கு பக்க நீளம், மொத்தப் பரப்பு எல்லாவற்றையும் வாய்விட்டுப் படியுங்கள். இன்னொருவர் தாய்ப்பத்திரத்தை வைத்து ஒப்பிடட்டும். 'இதற்கு வடக்கு' என்றால் தெரு வடக்கே இருக்கிறதா, இல்லை தெருவுக்கு வடக்கே மனை இருக்கிறதா என்று குழம்புபவர்கள் உண்டு. தெற்கு வடக்கு 60 அடி, கிழக்கு மேற்கு 40 அடி என்றால் பெருக்கி 2,400 வருகிறதா பாருங்கள். பொதுப் பாதை உரிமை, கிணற்றில் பங்கு போன்றவை பழைய பத்திரத்தில் இருந்து புதியதில் விடுபட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது. பெயரும் தகப்பனார் பெயரும் ஆதார் அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும்.

பதிவுக்குப் பிறகு பிழை தெரிந்தால் பிழைத்திருத்தப் பத்திரம் போடலாம். ஆனால் அதற்கு விற்றவர் மறுபடி வந்து கையெழுத்திட வேண்டும். பணம் வாங்கிச் சென்றவரை இரண்டாம் முறை வரவழைப்பது எளிதல்ல.

பதிவு நாளன்று என்ன நடக்கும்?

தீர்வையையும் கட்டணத்தையும் இணையத்தில் செலுத்தி, டோக்கன் பெற்றிருப்பீர்கள். கிளம்பும் முன், அன்று காலையிலேயே வில்லங்கத்தை இன்னொருமுறை பாருங்கள். கடைசியாகப் பார்த்த நாளுக்கும் இன்றைக்கும் இடையில் ஏதாவது ஏறியிருக்கலாம். இரு தரப்பாரும் இரண்டு சாட்சிகளும் அடையாள அட்டையோடு போக வேண்டும். சார்பதிவாளர் முன்னிலையில் விற்பவர் எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொள்வார். புகைப்படமும் கைரேகையும் எடுப்பார்கள். பணம் எந்தக் காசோலை அல்லது எந்தப் பரிவர்த்தனை எண் வழியாகப் போனது என்பது பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். கட்டடம் இருந்தால் அதைப் பார்வையிட்டு மதிப்பிட்ட பிறகே பத்திரம் திரும்பக் கிடைக்கும். மதிப்பு குறைவு என்று சார்பதிவாளர் கருதினால் முத்திரைச் சட்டத்தின் 47அ பிரிவின் கீழ் முத்திரைத் தனித்துணை ஆட்சியருக்கு அனுப்புவார். அதனால் பத்திரம் தாமதமாகும். உங்கள் உரிமை போய்விடாது.

கையெழுத்தான பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய நான்கு மாதக் கெடு உண்டு. தாமதமானால் அபராதத்தோடு இன்னும் நான்கு மாதம். அந்தக் கெடுவை நம்பி ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.

பதிவு முடிந்தது. இனி?

அன்றே சாவியை வாங்குங்கள். எல்லா மூலப் பத்திரங்களையும் பட்டியலிட்டு, விற்பவரின் கையெழுத்தோடு பெற்றுக்கொள்ளுங்கள். உட்பிரிவு தேவைப்படாத சொத்துகளுக்குப் பதிவை ஒட்டித் தானாகவே பட்டா மாறும் வசதி இருக்கிறது. மாறியதா என்று இணையத்தில் பாருங்கள். உட்பிரிவு தேவையானால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அந்த மனுவை விடாமல் தொடருங்கள். அடுத்து வீட்டுவரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு ஆகியவற்றில் பெயர் மாற்றம். விற்பவர் காலத்து வரி பாக்கி இருந்தால், விற்பனை நாள் வரை அது அவர் கட்ட வேண்டியது. ஆனால் நோட்டீஸ் வீட்டு வாசலுக்குத்தான் வரும், ஆகவே பதிவுக்கு முன்பே ரசீதைப் பார்த்துவிடுவது நல்லது. இரண்டு மூன்று வாரம் கழித்து உங்கள் பெயரில் வில்லங்கச் சான்றிதழ் ஒன்று எடுத்து, கிரயம் சரியான சர்வே எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.